அன்னா பாவ்லோவாவின் பாதங்கள்

பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கையைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு கப்பல் வரும். ஆண்டு 1929. கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ரஷ்ய பாலே நடனமணி ஒருவரும் அதில் பயணம் செய்கிறார். இருபத்தைந்து வயது ருக்மிணி அவரோடு நெருங்கிப் பழகுகிறார், பாலே கற்க ஆசைப்படுகிறார். அந்த அம்மையார் அதற்கு வழி செய்துகொடுக்கிறார். கூடவே, உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் போங்கள் என்றும் சொல்கிறார். அடுத்த பத்தியில் ருக்மிணி சென்னை திரும்பியிருப்பார், அதற்கடுத்த பத்தியில் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா எழுந்திருக்கும். ரஷ்ய அம்மையார் கதையிலிருந்து சத்தமில்லாமல் விலகியிருப்பார்.

அவர் பெயர் அன்னா பாவ்லோவா. தமிழில் அவரை அந்த ஒரு பத்திக்குள்ளேயே வைத்துவிட்டோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். கப்பலில் அவர் சொன்னது அந்த நேரத்தில் வாய்க்கு வந்த நல்வார்த்தை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவர் பதின்ம வயதில் தன் ஆசிரியரிடம் கேட்டு, தன் உடம்பில் சோதித்துப் பார்த்து, அதை நம்பியே வாழ்நாள் முழுவதும் ஆடிய ஒரு விஷயம் அது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய பாதங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் அன்றைய தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார் பாவ்லோவா. தாய் லியூபோவ் துணி வெளுத்துப் பிழைத்தவர். தந்தை யார் என்பது பற்றி அன்றிலிருந்தே பல பேச்சுகள் உண்டு. பாவ்லோவா என்ற பெயர் தாயின் கணவர் மத்வே பாவ்லோவிடமிருந்து வந்தது. நோஞ்சானாக இருந்த குழந்தை நகரத்துக்கு வெளியே லிகோவோ என்ற ஊரில் பாட்டியின் வீட்டில் அதிகம் வளர்ந்தது. எட்டு வயதில் தாய் அவளை மாரின்ஸ்கி அரங்குக்கு அழைத்துப் போனார். சைக்கோவ்ஸ்கி இசையமைத்து மாரியஸ் பெட்டிபா நடனம் அமைத்த 'உறங்கும் அழகி' அப்போது புதிது. மேடையில் ஒரு கூட்டம் வால்ட்ஸ் ஆடியபோது, நீயும் இப்படி ஆடுவாயா என்று தாய் கேட்டாராம். இவர்களோடு சேர்ந்து ஆட மாட்டேன், அந்த இளவரசியைப் போலத் தனியாக ஆடுவேன் என்றாளாம் சிறுமி. பாவ்லோவா தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருப்பது இது.

ஆனால் பாலே பள்ளி அவளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் போனபோது, உருவம் மிகச் சிறியது, உடல்நிலையும் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1891-இல், பத்து வயதில், இடம் கிடைத்தது. ஜார் மன்னரின் செலவில் நடந்த உறைவிடப் பள்ளி அது. உள்ளே போனால் உணவும் உடையும் பாடமும் நடனமும் எல்லாம் அங்கேதான். சலவைத் தொழிலாளியின் மகளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கதவு என்றுகூடச் சொல்லலாம்.

கதவு திறந்த பிறகும் அந்த உடம்பு அங்கே பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் பாலே மேடைக்கு ஏற்ற உடம்பு என்றால் குள்ளமாக, திரண்ட தசையோடு, இறுக்கமாக இருக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த நடனமணிகள் பீட்டர்ஸ்பர்க்கைக் கட்டிப்போட்டிருந்த காலம் அது. பியெரீனா லென்யானி என்பவர் ஒற்றைக் காலின் நுனியில் நின்று, மற்றக் காலைச் சாட்டைபோல் வீசி வீசி, நின்ற இடத்திலேயே தொடர்ந்து 32 சுற்று சுற்றுவார். 1895-இல் 'அன்ன ஏரி' நாட்டியத்தில் அவர் சேர்த்த அந்த 32 சுற்றுகள் இன்றுவரை அதில் நிலைத்துவிட்டன. பள்ளியில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் அதைச் செய்துவிடத் துடித்தாள். பாவ்லோவாவோ ஒல்லி. கை கால்கள் நீளம், கணுக்கால் மெலிவு. துடைப்பம் என்று சக மாணவிகள் கேலி செய்தார்கள். அவள் மீன் எண்ணெய் குடித்து உடம்பைத் தேற்றப் பார்த்தாள். இத்தாலியர்களின் சுற்றுகளைத் தனியாகப் பழகிப் பார்த்தாள்.

அதைப் பார்த்துவிட்ட ஆசிரியர் பாவெல் கெர்ட் தடுத்து நிறுத்தினார். வித்தை காட்டுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடு. உன் மெல்லிய தசைகளும் வளைந்த பாதமும் அதைத் தாங்காது. உன் நளினமும் உன் மென்மையும் அவர்களிடம் இல்லாதவை, அவற்றை வளர்த்துக்கொள் என்பது அவர் சொன்னதன் சாரம். குறை என்று எல்லோரும் கைகாட்டியதையே, இதுதான் உன் மூலதனம் என்று ஒருவர் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு மாணவிக்கு ஆசிரியர் தரக்கூடியது இதைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே அந்தப் பாதத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பாலேயில் பெண் நடனமணி கால்விரல் நுனியில் எழுந்து நிற்கிறார். அதற்கென்று தனிக் காலணி உண்டு. மேலே பட்டுத்துணி, நுனியில் மட்டும் துணியையும் தாளையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய கூடு. இரும்போ மரமோ உள்ளே கிடையாது. முழு உடலின் எடையும் அந்தக் கூட்டின் ஓரிரு அங்குலப் பரப்பில் இறங்குகிறது. பாவ்லோவாவின் பாதம் வில்லைப்போல் உயர்ந்து வளைந்தது. நுனியில் எழுந்தால் அந்த வளைவின் அழகை வேறு எந்தப் பாதத்திலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த வளைவுதான் ஆபத்தும்: எடை பரவாமல் பெருவிரல் மேலேயே விழுகிறது, கணுக்கால் நடுங்குகிறது. அவர் என்ன செய்தார் என்றால், காலணிக்குள் கெட்டியான தோல் அட்டை ஒன்றை வைத்து அடிப்பாகத்தைப் பலப்படுத்திக்கொண்டார். நுனியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கி, நிற்கும் பரப்பைக் கூட்டிக்கொண்டார். இது ஏமாற்று வேலை என்று பேசியவர்கள் உண்டு. அவருக்கும் அதில் கூச்சம் இருந்திருக்க வேண்டும். புகைப்படங்களில் காலணியின் நுனி மெலிதாகத் தெரியும்படி திருத்தப்பட்டிருக்கிறது. இன்று உலகம் முழுவதும் பாலே மாணவிகள் அணியும் கெட்டி அடிப்பாகமுள்ள காலணி, பாவ்லோவா தனக்காகச் செய்துகொண்டதற்குத்தான் நெருங்கிய உறவு.

1899-இல் பள்ளியை முடித்து மாரின்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். பின்வரிசைக் கூட்ட நடனத்தில் பல ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டாயமின்றி ஒரு படி மேலேயே எடுத்துக்கொள்ளப்பட்டார். அவர் ஆட்டத்தில் பிழைகள் இருந்தன. சுற்று முடியும் இடத்தில் தடுமாறுவார், முழங்கால் முழுதாக நீளாது. ஆனாலும் மக்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். 1903-இல் 'ஜிசெல்' அவருக்குக் கிடைத்தது. காதலனால் ஏமாற்றப்பட்ட கிராமத்துப் பெண் சித்தம் கலங்கி இறந்து, ஆவியாக வந்து அவனை மன்னிக்கும் கதை. முதல் பாதிக்கு நடிப்பு வேண்டும். இரண்டாம் பாதிக்கு எடையே இல்லாத உடம்பு வேண்டும். துடைப்பம் என்று கேலி பேசப்பட்ட உடம்பு அந்த இரண்டாம் பாதியில் காற்றில் எழுந்தது. 1906-இல் மாரின்ஸ்கியின் முதன்மை நடனமணி என்ற பட்டம் வந்தது.

அதற்கு முன்பே, 1902-இல், அவர் ஏற்ற ஒரு வேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'லா பயாடேர்' என்பது பெட்டிபா 1877-இல் அமைத்த நாட்டியம். இந்தியக் கோவில் நடனப்பெண்ணைக் குறிக்க ஐரோப்பியர்கள் வழங்கிய சொல்தான் பயாடேர். அதன் நாயகி நிகியா ஒரு தேவதாசி. அந்தத் தேவதாசிக்கும் நம்முடைய ஊர்ப்பெண்களுக்கும் உறவு மிகத் தூரத்துக் கனவுதான் என்றாலும், அந்தக் கனவுக்கு ஒரு தமிழ் வேர் இருக்கிறது. 1838-இல் கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு கப்பலேறிப் பாரிசுக்குப் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தைக் கண்டு மயங்கி எழுதியவர் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. ஜான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியைச் சிறிய வெண்கலச் சிலையாகவே வடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1841-இல், 'ஜிசெல்' கதையை உருவாக்கியவர்களில் ஒருவர் இதே கோத்தியே. சகுந்தலையை பாலே மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஐரோப்பிய மேடைகளில் இந்திய நடனப்பெண் மீதான மோகத்துக்கு அந்தப் பயணமும் ஒரு காரணம். ஆக, இந்தியாவை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த இருபத்தொரு வயதுப் பாவ்லோவா, கழுத்திலும் கையிலும் நகை பூட்டி, தேவதாசியாக ஆடிக்கொண்டிருந்தார். உண்மையான தேவதாசி எப்படி ஆடுவார் என்று அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது.

இனி அன்னம். அவர் பெயரோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஆகிவிட்ட அந்த நடனம் 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. நண்பர் மிகயில் ஃபோக்கின் அதை அமைத்தார். ஒரு நிகழ்ச்சிக்குத் தனி நடனம் வேண்டும் என்று பாவ்லோவா கேட்க, பிரெஞ்சு இசையமைப்பாளர் காமில் சான்-சான்ஸ் 1886-இல் எழுதிய 'அன்னம்' என்ற செல்லோ இசையை ஃபோக்கின் நினைத்தார். பாவ்லோவாவின் மெலிந்த உடம்பையும் நீண்ட கைகளையும் பார்த்தால் வேறு எது நினைவுக்கு வரும்! ஒத்திகைக்குச் சில நிமிடங்களே ஆயின. ஃபோக்கின் முன்னே ஆட, பாவ்லோவா அவர் பின்னால் அப்படியே ஆடினார். பிறகு பாவ்லோவா தனியே ஆட, ஃபோக்கின் பக்கத்தில் நடந்தபடியே கைகளின் வளைவைத் திருத்தினார். அவ்வளவுதான்.

அதில் துள்ளல் இல்லை, 32 சுற்று இல்லை. மேடைக்குள் வருவதிலிருந்து சரிந்து விழுவதுவரை ஏறக்குறைய ஒரே அடவு: இரு கால்களையும் நெருக்கி, விரல் நுனியில் நின்று, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பொடிப்பொடி அடிகளாக எடுத்து வைத்து நகர்வது. கால்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், உடல் மிதந்துகொண்டே இருக்கும். மற்றதெல்லாம் கைகளும் முதுகும் கழுத்தும்தான். மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஃபோக்கினும் பாவ்லோவாவும் முதலில் அதற்கு வைத்த பெயர் 'அன்னம்' மட்டுமே. பாவ்லோவா ஆடிய விதத்தைப் பார்த்த மக்கள்தான் 'இறக்கும் அன்னம்' என்று அழைத்தார்கள். வெள்ளை இறகு உடையின் மார்பில் இரத்தத் துளிபோல் ஒற்றைச் சிவப்புக் கல். வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 முறை அதை ஆடினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த நடனத்தின் படச்சுருள் ஒன்று நம் நல்வினையால் மிஞ்சியிருக்கிறது. 1924-இல் ஹாலிவுட்டில் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஸ்டூடியோவில் எடுத்தது. பாவ்லோவாவுக்கு அப்போது வயது 43. படம் குதிக்கிறது, வெளிச்சம் மங்கல், ஒலி கிடையாது. முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இதற்கா உலகம் அழுதது என்று தோன்றியது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ பார்க்கும்போது மணிக்கட்டைக் கவனித்தேன். கை மேலே எழும்போது மணிக்கட்டு கடைசியாகத்தான் எழுகிறது. இறங்கும்போது முதலில் இறங்கிவிடுகிறது. விரல்கள் இன்னும் பறக்க விரும்புகின்றன, தோளுக்கு முடியவில்லை. கடைசியில் ஒரு காலை நீட்டி, மறு காலை மடித்துத் தரையில் அமர்ந்தபின், எழுந்துவிடலாம் என்பதுபோல் ஒரு முயற்சி. பிறகு முன்பக்கம் கவிழ்ந்து, நீட்டிய கால்மேல் கைகள் வந்து படிகின்றன. நம் ஊரில் அபிநயம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் உடனே தலையாட்டுவார்கள். முகத்தில் எதுவும் செய்யாமல் உடம்பு முழுவதையும் முகமாக்கியிருக்கிறார்.

1909-இல் செர்கேய் தியாகிலேவ் ரஷ்ய பாலேயைப் பாரிசுக்குக் கொண்டு சென்றபோது அவருடைய விளம்பரத் தட்டியில் ஓவியர் வாலன்டின் செரோவ் வரைந்தது பாவ்லோவாவின் உருவத்தைத்தான். ஆனால் அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை'யில் ஆட மறுத்தார்; அந்த இசை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வேடம் தமாரா கர்சாவினாவுக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றது. பாவ்லோவாவின் இசை ரசனை பழையது, அவருடைய நாட்டியங்கள் சிறியவை, குழுவில் தனக்கு நிகரானவர்களை வைத்துக்கொள்ளவில்லை என்ற குறைகள் அன்றும் சொல்லப்பட்டன, இன்றும் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இருக்கிறது. பாலேயின் வடிவத்தை மாற்றியவர்களைத் தேடினால் ஃபோக்கினையும் நிஜின்ஸ்கியையும்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் தியாகிலேவின் அரங்குக்கு வந்தவர்கள் யார்? பாரிசிலும் லண்டனிலும் டிக்கெட் வாங்க முடிந்தவர்கள். பாவ்லோவா தேர்ந்தெடுத்த பாதை வேறு. 1912-இல் லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஐவி ஹவுஸ் என்ற வீட்டை வாங்கி, சொந்தக் குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். கணக்கு வழக்கும் பயண ஏற்பாடும் அவருடைய துணைவர் விக்டர் டாண்ட்ரேயின் பொறுப்பு. 1914-இல் போர் மூண்டது, பிறகு புரட்சி வந்தது. ரஷ்யாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஜப்பான், சீனா, மலாயா, எகிப்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரயிலிலும் கப்பலிலும் கழிந்தன. பாலே என்ற சொல்லையே கேட்டிராத ஊர்களில், பள்ளிக்கூட மண்டபங்களில், சினிமாக் கொட்டகைகளில், மரப்பலகை பிளந்த மேடைகளில் ஆடினார். 1919-இல் மெக்சிகோ நகரில் காளைச்சண்டை மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் ஆடினார். அந்த நாட்டின் தொப்பி நடனத்தையே விரல் நுனியில் நின்று ஆடிக் காட்டினார். எந்த ஊருக்குப் போனாலும் காலையில் பயிற்சி உண்டு. அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, தனக்கும்.

1917-இல் பெரு நாட்டின் லிமா நகரில் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் அவர் ஆட்டத்தைப் பார்த்தான். அன்றே தன் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று பிற்காலத்தில் சொன்னான். அவன்தான் ஃபிரெடரிக் ஆஷ்டன். பிரிட்டன் பாலேயின் மாபெரும் நடன ஆசிரியர். லண்டனின் பெரிய அரங்கிலேயே பாவ்லோவா நின்றிருந்தால் லிமாவில் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான்? தொலைக்காட்சியும் விமானமும் இல்லாத காலத்தில் ஒரு கலை கண்டம் தாண்ட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உடம்போடு சுமந்து போனால்தான் உண்டு. ஒல்லியான அந்த உடம்பு சுமந்தது.

சம்பாதித்ததைச் சேர்த்தும் வைக்கவில்லை. புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு ஓடிவந்த குடும்பங்களின் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காகப் பாரிசை ஒட்டிய சான்-க்ளூவில் இல்லம் நடத்தினார். ஐவி ஹவுஸ் குளத்தில் அன்னங்கள் வளர்த்தார். ஜாக் என்ற அன்னம் அவர் மடியில் அமர்ந்து, தன் நீண்ட கழுத்தை அவர் கழுத்தோடு பின்னிக்கொண்டிருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அன்னம் பக்கத்தில் போனால் கொத்தும், சிறகால் அடிக்கும். அதைப் பழக்க அவர் எவ்வளவு நேரம் அந்தக் குளக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கழுத்து வளையும் விதத்தை அங்கே உட்கார்ந்துதான் படித்திருப்பார்.

1922-இல் ஆசியப் பயணத்தின் பகுதியாக இந்தியாவுக்கு முதல் முறை வந்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடினார். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு நடனத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது அவர் வழக்கம்; ஜப்பானில் அங்கத்திய ஆசிரியர்களிடம் பாடமே கேட்டார். இந்தியாவில் கேட்டபோது சரியான பதில் கிடைக்கவில்லை. வியப்பில்லை. 1890-களிலேயே சென்னையில் தொடங்கிய நடன எதிர்ப்பு இயக்கத்தால், படித்த இந்தியர்கள், பின்னாளில் பரதநாட்டியம் என்று பெயர்பெற்ற சதிரைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் நிலை வந்திருந்தது. வெளிநாட்டு விருந்தாளியை ஒரு தாசியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போக எந்தக் கனவானுக்கு மனம் வரும்? இருபது ஆண்டுகளுக்கு முன் நிகியாவாக வேடமிட்டவர், நிகியாவின் சொந்த நாட்டுக்கே வந்தும் அவளைப் பார்க்காமல் திரும்பினார்.

லண்டன் போனதும் இந்தியப் பின்னணியில் நாட்டியம் செய்ய ஆள் தேடினார். ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கர் கிடைத்தார். உதய்பூரில் பிறந்த வங்காளி, முறையாக நடனம் பயிலாதவர். 1923-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் 'ராதா கிருஷ்ணா' என்ற துண்டு நாட்டியத்தில் அவர் கண்ணன், பாவ்லோவா ராதை. ஓர் இந்துத் திருமணக் காட்சியும் இருந்தது. அஜந்தா ஓவியங்களின் தூண்டுதலில் தனியாக ஒரு பாலேயும் அதே ஆண்டில் மேடையேறியது. உதய் சங்கருக்கு பாலே கற்க வேண்டும் என்று ஆசை. பாவ்லோவா அதை ஊக்குவிக்கவில்லை. உங்கள் நாட்டில் இருப்பதைக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குக் காட்டுங்கள் என்பதே அவர் சொன்னதன் பொருள். பாவெல் கெர்ட் பீட்டர்ஸ்பர்க் பயிற்சி அறையில் சொன்ன அதே வார்த்தைதான், வேறு மொழியில், வேறு ஓர் ஆளுக்கு. உதய் சங்கர் பின்னாளில் தன் நடன மொழியைத் தானே உருவாக்கிக்கொண்டார். அவர் எடுத்த 'கல்பனா' 1948-இல் வெளிவந்தது. படப்பிடிப்பு நடந்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்.

ருக்மிணி பாவ்லோவாவின் நடனத்தை முதலில் பார்த்தது லண்டனில், 1924-இல். பாவ்லோவா மறுபடி இந்தியா வந்தபோது சந்திப்பு தொடர்ந்தது, கப்பல் பயணத்தில் நட்பானது. உங்களைப் போல் ஆட எனக்கு ஆசை, ஆனால் முடியாது என்று ருக்மிணி சொன்னபோது, நீங்கள் மேடையில் நடந்து போனாலே போதும், மக்கள் பார்க்க வருவார்கள் என்று பாவ்லோவா பதில் சொன்னதாக ருக்மிணியின் வாழ்க்கைக் கதைகளில் வருகிறது. இங்கே நாம் வழக்கமாக விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. பாவ்லோவா அவரைக் கற்க வேண்டாம் என்று துரத்திவிடவில்லை. தன் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியை அழைத்து ருக்மிணிக்கு பாலே பாடம் நடத்தச் சொன்னார். இருபத்தைந்து வயதில் அந்தக் காலணியைப் பூட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தசை என்ன செய்ய வேண்டும், முதுகு எப்படி நிற்க வேண்டும் என்று ருக்மிணி முதலில் கற்றது ரஷ்ய முறையில்தான். மேடை ஒழுங்கு, ஒளி, உடையின் நிறம் ஆகியவற்றில் கலாக்ஷேத்ரா பின்னர் காட்டிய கறாரில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

1931 ஜனவரியில் பிரான்சின் தெற்கிலிருந்து திரும்பிய பாவ்லோவாவின் ரயில் ஒரு விபத்தால் வழியில் நின்றது. குளிரில் மெல்லிய உடையோடு கீழே இறங்கி நின்றார். சளி பிடித்தது. அடுத்த நிகழ்ச்சிகளுக்காக நெதர்லாந்தின் ஹேக் நகரை அடைந்தபோது நுரையீரலைச் சுற்றிய உறையில் அழற்சி முற்றிவிட்டது. அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், ஆனால் இனி ஆட முடியாது என்று மருத்துவர்கள் சொல்ல, அவர் மறுத்துவிட்டார் என்பது செவிவழியாக வந்த கதை. ஜனவரி 23, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஹேக் நகரின் ஓட்டல் தெ ஸாந்தில் இறந்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்னத்தின் உடையை எடுத்து வையுங்கள் என்பதே அவருடைய கடைசிச் சொல் என்று சொல்கிறார்கள். இரண்டு நாள் கழித்து லண்டன் அரங்கொன்றில் இசைக்குழு அந்த அன்னத்தின் இசையை வாசித்தது. திரை திறந்திருந்தது, மேடையில் யாரும் இல்லை. மக்கள் எழுந்து நின்றார்கள். சாம்பல் கோல்டர்ஸ் கிரீன் தகனக் கூடத்தில், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவர் பெயரில் ஓர் இனிப்பு செய்து, முதலில் செய்தது யார் என்று இன்னும் வழக்காடுகின்றன.

ருக்மிணிக்கு அவர் காட்டிய வழி போய்ச் சேர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1933 ஜனவரி முதல் நாள் சென்னை மியூசிக் அகாடமியில் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் சகோதரிகள் ஆடினார்கள். வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் முன்னின்று ஏற்பாடு செய்த கச்சேரி. அன்றுதான் ருக்மிணி சதிரை உட்கார்ந்து பார்த்தார். இதை நாம் நேராகச் சொல்ல வேண்டும்: பாவ்லோவா தேடச் சொன்ன பொருள் தொலைந்துபோன பொருள் அல்ல. பந்தநல்லூரிலும் தஞ்சையிலும் மயிலாப்பூரிலும் அதைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்துக் காத்துவந்த இசை வேளாளக் குடும்பங்கள் இருந்தன. பாலசரஸ்வதி 1925-இலேயே, ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறிவிட்டார். ஒரு ரஷ்யப் பெண்மணி கப்பலில் சொன்னதால் பரதநாட்டியம் உயிர்பெற்றது என்று எழுதுவது, வறுமையிலும் அவமானத்திலும் அந்தக் கலையைக் கைவிடாதவர்களுக்குச் செய்யும் அநீதி. பாவ்லோவாவும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்னது தேடிப் போ என்பதுதான். தேடிப் போன இடத்தில் ஆசிரியர்கள் இருந்தார்கள்.

ருக்மிணி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். முப்பது வயதுக்கு மேல் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்காரப் பழகுவது எவ்வளவு கடினம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் கால்நுனியில் எழும்பப் பழகிய கால்களுக்கு. 1935 டிசம்பரில், பாவ்லோவா இறந்து ஐந்து ஆண்டுகள் முடியாத நிலையில், அடையாறில் பிரம்ம ஞான சபையின் வைர விழாவுக்கு வந்திருந்தவர்கள் முன் ருக்மிணி தேவி முதல் முறையாக ஆடினார். பட்டுக் காலணி இல்லை. சலங்கை கட்டிய வெறுங்கால், உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி, தட்டிக்கொண்டு இருந்தது.